அம்மன் என்னை எல்லையில் நிறுத்திய மாலை

மாலை ஆறு மணி ஆனால் என் கண் கடிகாரத்தை விட்டு நகராது. என் மகள் நிவேதா வேலை முடித்து நாவலூரிலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பும் நேரம் அது. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் மனதில் அவளை நூறு தடவை சாகவிட்டிருப்பேன்.

காரணத்தை உங்களிடம் மறைக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன் ஓர் ஐப்பசி மாலை. பைக்கில் என் பின்னால் என் மனைவி சுமதி. கொட்டுகிற மழை. "கொஞ்சம் ஓரமா நில்லுங்க, விட்டதும் போலாம்" என்றாள். "அஞ்சு நிமிஷம்தான், வீடு வந்துடும்" என்றேன். வேளச்சேரி சாலையில் தேங்கிய தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருந்தது. எனக்குத் தோளில் தையல் போட்டார்கள். அவள் வீட்டுக்கு வரவே இல்லை.

அவள் நிற்கச் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. அந்த ஐந்து நிமிடம் முடியவே இல்லை. பல் துலக்கினாலும் அதற்குள்தான், கடையில் சிமெண்டுக்கு விலை சொன்னாலும் அதற்குள்தான் இருந்தேன்.

போன வருடம் நிவேதாவுக்கு வேலை கிடைத்தது. பயம் கால் முளைத்து அவள் பின்னால் நடந்தது. மதியமே கடையை ஆளிடம் விட்டுவிட்டு பஸ் ஏறுவேன். அவள் ஆபீசுக்கு எதிரே டீக்கடையில் நிற்பேன். அவள் வண்டியை எடுத்ததும் ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே வருவேன். டீக்கடைக்காரர் ஒருநாள் கேட்டே விட்டார்: "இன்னா சார், பொண்ணு கம்பெனில உனக்கும் வாட்ச்மேன் வேல போட்டுக் குடுத்துட்டாங்களா?"

நான் சிரித்து வைத்தேன். நிவேதா சிரிக்கவில்லை.

"அப்பா, ஆபீஸ்ல எல்லாரும் பார்க்கறாங்க. எனக்கு மூச்சு முட்டுது. இன்னொரு நாள் உங்களை அங்க பார்த்தேன்னா, ஹாஸ்டல்ல சேர்ந்துடுவேன். சும்மா மிரட்டறேன்னு நினைக்காதீங்க."

அவள் கட்டில் மேல் பெட்டி திறந்து கிடந்தது. ஒருத்தியை இழந்தவன். இன்னொருத்தியை என் பயமே துரத்திக்கொண்டிருந்தது.

எங்கள் ஊர் அம்மனைத் தவிர எனக்குப் போக்கிடம் இல்லை. ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாள் அது. ஓடிப்போய்க் கையை நீட்டினேன். மஞ்சள் நூல், ஒரு துண்டு மஞ்சள், வேப்பிலை. "தாயே, என் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது." அதை மட்டும்தான் கேட்டேன்.

பூசாரி ஏழுமலை என்னோடு பள்ளியில் படித்தவன். முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தான்.

"மச்சான், கட்டிக்கினியே, பத்து நாளுக்கு ஊர் எல்லைய தாண்டக் கூடாது, தெரியுமில்ல? பொண்ணு பின்னாடி எப்படி சுத்துவ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் மணிக்கட்டில் இருந்த முடிச்சைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த வழக்கம். அவளைக் காக்க வேண்டும் என்று ஓடிவந்த பதற்றத்தில் அது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

"அவுத்துடு ஏழுமலை."

"சாமி குத்தம்டா. போ, போய் மோர் குடி."

பல்லைக் கடித்துக்கொண்டு ஆறு நாள் ஓட்டினேன். ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் வானம் கறுத்து, மழை பிடித்துக்கொண்டது. ஆறரை ஆனது. ஏழு ஆனது. அவள் போன் ஸ்விட்ச் ஆஃப்.

ஓடினேன். எங்கள் ஊர் எல்லைக்கல் இப்போது ஒரு மருந்துக்கடை வாசலில் மஞ்சள் பூசிக்கொண்டு நிற்கிறது. நாலு அடி தள்ளி அந்தப் பக்கம் ஆட்டோ ஸ்டாண்டு. தாண்டினால் விரதம் முறிந்து, அந்தக் குற்றம் அவள் தலையில் விழுமோ? தாண்டாவிட்டால் அவள் எந்தப் பள்ளத்தில் கிடக்கிறாளோ? காதுக்குள் மழை இரைந்தது. கல்லைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுக் கதறினேன்.

"என்னால போக முடியாது தாயே. நீ போ. நீயே போய்க் கூட்டிட்டு வா."

கோவளத்திலிருந்து வந்து அங்கே மீன் விற்கும் செல்வி அக்கா கூடையை நகர்த்தினாள்.

"அண்ணா, காப்பு கட்டிக்கினு மீன்காரிகிட்ட நிக்கிற. ஊரு பாத்தா ரெண்டு பேரையும்தான் திட்டும். இன்னா ஆச்சி?"

"இந்த மழையில பொண்ணு மாட்டிக்கிட்டாம்மா."

"எந்த மழையில? அது நின்னு அரை மணி நேரம் ஆச்சே!"

கையை நீட்டிப் பார்த்தேன். ஒரு துளி விழவில்லை. என் சட்டை காய்ந்திருந்தது. அப்படியானால் இவ்வளவு நேரம் நான் எந்த மழையில் நின்றுகொண்டிருந்தேன்?

எனக்கு அப்போதுதான் உறைத்தது, அது ஆறு வருடத்துக்கு முந்தைய மழை. வேப்பிலை வாசனை வந்தது. மீன் வாடை வந்தது. மருந்துக்கடை விளக்கு ஈர ரோட்டில் நீளமாகக் கிடந்தது. மகளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பது மட்டுமே அந்த நிமிடத்தின் உண்மை. பயம் இருந்தது. ஆனால் அது இன்றைக்கு உண்டான பயமாக மட்டும் இருந்தது. அதைத் தாங்க முடிந்தது. தாயின் பதில் அதுதான் என்று நான் நம்புகிறேன்.

சற்று நேரத்தில் ஸ்கூட்டி வந்தது.

"அப்பா! போன்ல சார்ஜ் போயிடுச்சு. மேடவாக்கத்துல ஒரே ஜாம்." பிறகு கல்லைப் பார்த்தாள், என் கால்களைப் பார்த்தாள். "தாண்டலையா நீங்க?"

"இல்லம்மா."

வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்தாள். பாதி வழியில் சொல்லிவிட்டேன். அம்மா நிற்கச் சொன்னாள், நான் நிற்கவில்லை.

"இதை ஆறு வருஷமா தனியாவே வச்சிருந்தீங்களா?" என்று அழுதாள். கோபமும் இருந்தது. இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பெட்டியை மூடிப் பரணில் ஏற்றினாள்.

காப்பு அவிழ்த்த பிறகும் நான் நாவலூர் போகவில்லை. பயம் ஒழிந்தது என்று அம்மன் பெயரால் பொய் சொல்ல மாட்டேன். வருகிறது. வந்தால் கையை நீட்டி, மழை பெய்கிறதா என்று பார்க்கிறேன். பழைய காயத்தோடு இதைப் படிக்கிறவர்களே, உங்கள் கை எட்டாத இடத்துக்கு அம்மனை அனுப்புங்கள். அவள் போவாள். நான் கண்டவன், சொல்கிறேன்.

இதை எழுதும்போது மணி ஆறு பத்து. நிவேதா இன்னும் வரவில்லை. மேகம் கூடுகிறது. மொட்டை மாடியில் துணி காய்கிறது. போய் எடுக்க வேண்டும்.