காத்திருப்புப் பட்டியலில் மூன்றாவது பெயர்

ஓடீலியா போர்பா எனக்கு மகள் முறை. அவள் அப்பாவும் நானும் அண்ணன் தம்பி பிள்ளைகள். அவள் அம்மாவும் லியோனில்டாவின் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள், போர்ச்சுகீசியத் தெர்சேரா தீவிலிருந்து ஒரே வருடம் அமெரிக்காவில் இந்தத் துலாரிப் பக்கம் வந்து சேர்ந்தவர்கள். அதனால் லியோனில்டா அவளுக்கு அக்கா. லியோனில்டாவின் மகள் மரீசா அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்தது வேற்று மனிதர்களுக்குள் நடந்திருந்தால் யாரும் இரண்டு நாளைக்கு மேல் பேசியிருக்க மாட்டார்கள்.

ஓடீலியாவுக்கு முப்பத்தொன்பது வயது. மாலை ஷிப்டில் சீஸ் ஆலையில் பெட்டி கட்டுகிறவள். நர்ஸ் ஆக வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முந்திய ஆசை. ஏறக்குறைய ஏழு வருடம் முன் மாவட்டக் கல்லூரியில் சேர்ந்து வேதியியல் பாடத்தை நல்ல மதிப்பெண்ணில் முடித்தாள். பிறகு இரண்டாவது பிள்ளை பிறந்தது, படிப்பு நின்றது. நர்சிங் பிரிவில் ஒரு சட்டம் உண்டு. ஏழு வருடத்துக்கு மேற்பட்ட விஞ்ஞானப் பாடம் செல்லாது. இன்னும் பாக்கியிருக்கும் உடற்கூறை இந்தப் பருவத்தில் படித்தால் வேதியியல் காலாவதியாகும் முன் நர்சிங்குக்கு மனுப் போடலாம். தவறினால் பழையபடி முதலிலிருந்து.

கட்டணம் பெரிய தொல்லையாக இல்லை. வருமானம் குறைவு என்று அதைக் கல்லூரியே தள்ளுபடி செய்துவிட்டது. புத்தகத்தை ஆலையில் ஒருத்தியின் மகளிடமிருந்து பாதி விலைக்கு வாங்கினாள். தொல்லை வந்தது ஒரு பூட்டால். பதிவு செய்யும் நாளில் கணினியைத் திறந்தால் அவள் பெயரில் தடை. வேதியியல் கூடத்தில் கொடுத்த அலமாரிப் பூட்டைத் திருப்பித் தரவில்லையாம். தேடினால், அவள் கணவன் ஜில்பெர்டோ அதைக் கோழிக்கூண்டில் மாட்டி வைத்திருந்தான். கழுவித் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தடை நீங்க மூன்று நாள் ஆனது. அதற்குள் இருபத்துநான்கு இடமும் நிரம்பிவிட்டது. காத்திருப்புப் பட்டியலில் அவள் பெயர் மூன்றாவது.

ஆனால் முதல் நாள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. காத்திருப்பவர்கள் சுவரோரம் நிற்பார்கள். ஆசிரியர் பெயர் வாசிப்பார். வாசித்து முடியும்போது வராதவர் இடம் போயிற்று. சுவரோரம் நிற்பவர்களுக்கு வரிசைப்படி ஒரு எண் எழுதிய சீட்டுக் கொடுப்பார். அந்த எண்ணை அன்றைக்குள் கணினியில் போட்டால் இடம் அவர்களுடையது.

அன்றைக்கு அவள் கார் பட்டறையில் கிடந்தது. என் வண்டியில்தான் கூட்டிப்போனேன். வழி முழுக்க ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தாள். முதல் வாரம் கல்லூரியில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அவளை வாசலில் இறக்கிவிட்டு, ஒருவன் கிளம்பிப்போன இடத்தில் வண்டியை நுழைத்தேன். அவளை இறக்கும்போதே மரீசாவின் வெள்ளைக் கார் நிறுத்த இடம் தேடி எதிரே வந்தது. கை காட்டினாள். ஓடீலியாவும் கை காட்டிவிட்டு ஓடினாள். அதற்குப் பிறகும் அந்தக் கார் என்னை இரண்டு முறை சுற்றிக்கொண்டு போனது. நீங்க கிளம்புறீங்களா தாத்தா என்று கேட்டாள். இல்லையம்மா, சித்திக்காக நிற்கிறேன் என்றேன். அவளுக்கும் அதே வகுப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்?

உள்ளே நடந்ததை ஓடீலியா பிறகு சொன்னாள். ஆசிரியர் ஹகோபியன் வாசித்து முடித்தபோது மூன்று பேர் வரவில்லை. அதில் ஒரு பெயர் மரீசா தோஸ்தே. அது காதில் விழும்வரை அந்தப் பெண் இந்த வகுப்பில் இருப்பது இவளுக்குத் தெரியாது. முதல் இரண்டு பேர் சீட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டார்கள். ஹகோபியன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகச் சுவரைப் பார்த்தார்.

"மரீசா தோஸ்தேயை யாருக்காவது தெரியுமா? போர்ச்சுகீசியப் பேரு. உங்கள்ல பாதிப் பேரு சொந்தக்காரங்களாத்தானே இருப்பீங்க?"

வகுப்பு சிரித்தது. வெளியே சுற்றிக்கொண்டிருக்கிறாள், இதோ வந்துவிடுவாள் என்று சொல்ல நான்கு வார்த்தை போதும். ஓடீலியாவுக்கு ஏழு வருடம் கண்முன் நின்றது. வாயைத் திறக்கவில்லை. ஹகோபியன் அவளிடம் சீட்டை நீட்டினார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் கதவு திறந்தது. மரீசா வேர்த்து விறுவிறுத்து நின்றாள். உன் பெயரை எடுத்தாயிற்று, வேண்டுமானால் பட்டியலின் கடைசியில் எழுதிக்கொள் என்றார் ஹகோபியன். இடம் கிடைக்காமல் சுற்றினேன் என்று அவள் சொன்னது எடுபடவில்லை. அப்போதுதான் ஓடீலியாவையும் அவள் கையிலிருந்த சீட்டையும் பார்த்தாள்.

"நீங்க என்னைப் பாத்தீங்களே சித்தி."

அவ்வளவுதான் சொன்னாள். போய்விட்டாள்.

வண்டியில் ஏறியதும் ஓடீலியா சீட்டை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.

"திருப்பிக் குடுத்துடவா பெரியப்பா?"

"குடுத்தா அவளுக்கா போகும்?"

"இல்ல. நாலாவதா ஒரு பையன் நிக்கிறான், அவனுக்குப் போகும். நான் கேட்டுட்டேன்."

"அப்புறம் எதுக்குக் குடுக்கணும்?"

கொஞ்ச தூரம் போனபின் இன்னொன்று சொன்னாள். இந்தப் பாடம் போனால் தன் படிப்புச்சுமை முழுநேரப் படிப்புக்கு வேண்டிய பன்னிரண்டு அலகுக்குக் கீழே இறங்கும், உதவித்தொகையில் ஒரு பங்கு போய்விடும் என்று மரீசா ஹகோபியனிடம் சொன்னாளாம். அதைக் கேட்டபிறகுதான் எனக்கும் உறைத்தது. நான் பிடித்து வைத்திருந்த இடத்தை விட்டிருந்தால் அந்தப் பெண் வகுப்புக்குள் இருந்திருப்பாள்.

லியோனில்டா வீட்டுக்கு விடுங்கள் என்றாள். பொண்ணு சொல்லுமுன்னே நான் சொல்லிடணும் என்றாள்.

லியோனில்டா கன்றுக்குட்டிகளுக்குப் பால் புட்டி காட்டிக்கொண்டிருந்தாள். ஓடீலியா வேலிக்கு இந்தப் பக்கமே நின்றாள்.

"அக்கா, மரீசாவோட இடம் எனக்குக் கிடைச்சிருச்சு. அவ வெளிய சுத்திக்கிட்டிருந்தது எனக்குத் தெரியும். சார் கேட்டாரு. நான் சொல்லல."

கன்று புட்டியை முட்டி முட்டிக் குடித்தது. அது முடிந்ததும் லியோனில்டா அடுத்த புட்டியை எடுத்தாள்.

"அவ இப்பத்தான் போன் பண்ணினா. அழுதா. மண்பாத்திரம் செய்யற வகுப்புல இடம் இருக்காம், அலகு குறையாம இருக்க அதுல சேந்துட்டா. பானை செஞ்சு நர்ஸ் ஆகப்போறா."

ஓடீலியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"இரு. உன் வயசுல அந்தச் செவுத்தோரத்துல நான் நின்னிருந்தா நானும் சொல்லியிருக்க மாட்டேன். அத நான் ஒத்துக்கறேன். ஆனா அவ எம்பொண்ணு. கொஞ்ச நாளைக்கு அவ வீட்ல இல்லாதப்ப வா."

சரி என்றாள் ஓடீலியா. வண்டிக்குள் வந்து உட்கார்ந்து செல்போனை எடுத்தாள். சீட்டிலிருந்த எண்ணை இரண்டு முறை தப்பாக அடித்தாள். மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டது. அடுத்த வகுப்பு புதன்கிழமை காலை எட்டு மணிக்கு. அவள் ஆறரைக்கே போய்ப் பூட்டியிருந்த கதவுக்கு வெளியே நின்றாளாம்.