நான்காவது கால்

பன்னிரண்டு வருடம் நான் பிளைவுட்டோடு பிழைத்தவள். சென்னையில் சமையலறை அலமாரி செய்யும் ஒரு கம்பெனியில் வரைபடம் போடுவது என் வேலை. பிளைவுட் நல்ல பிள்ளை. எப்படித் திருப்பி வைத்தாலும் ஒன்றும் சொல்லாது. கணவருக்குத் திருவண்ணாமலைக்கு மாற்றல் வந்தபோது நானும் வேலையை விட்டுவிட்டு வந்தேன். கேட்பவர்களின் வீட்டு அளவுக்கு, அசல் மரத்தில், மேஜையும் நாற்காலியும் செய்து தருவது என்று தீர்மானம். அறுக்கவும் இழைக்கவும் கம்பெனிப் பட்டறையில் பழகியிருந்தேன், அது போதும் என்று நினைத்தேன்.

தனியாக ஷெட் எடுக்கத் துணிச்சல் வரவில்லை. வேங்கிக்காலில் கதவும் வாசல் நிலையும் செய்கிற ஒருவர் தன் ஷெட்டில் பாதியைத் தருவதாகச் சொன்னார். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். அந்தப் பக்கம் எழும்பும் புது வீடுகளில் பாதிக்கு அவருடைய நிலைதான். கம்ப்யூட்டரில் இயங்கும் செதுக்கு மெஷின் வைத்திருந்தார். பட்டனைத் தட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் பலகையில் கஜலட்சுமி உட்கார்ந்திருப்பாள். மூன்று மாதம் பார்க்கலாம், ஒத்துவராவிட்டால் சொல்லிவிடுகிறேன் என்றார். தரையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம் அவருக்கு, அந்தப் பக்கம் எனக்கு என்று பிரித்தார். அறுக்கும் மெஷின் இருவருக்கும் பொது. பகல் முழுக்க அவர் அறுப்பார், தூசி அடங்கிய பிறகு நான் பாலிஷ் போடலாம்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. இந்த உளி ஏன் வளைந்திருக்கிறது, அந்தப் பலகையை ஏன் வெயிலில் போடவில்லை என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பேன். முதல் வாரமே அவர் பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டார்.

என் முதல் ஆர்டர் மரத்தோடு வந்தது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு விவசாயி, பம்ப்செட் பக்கத்தில் நின்ற பூவரசை வெட்டி, மில்லில் அறுத்து, குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு தானே முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். மகள் வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்குச் சாப்பாட்டு மேஜை வேண்டும். நடவு நாட்களில் எல்லோருக்கும் சோறு போட்டது அந்த மரத்தடியில்தான், அதனால் மேஜையாகவே இருக்கட்டும் என்றார். கட்டைகளைத் தன் கையாலேயே இறக்கி அடுக்கினார். ஒவ்வொன்றின் ஒரு முனையிலும் சிவப்புப் பெயிண்ட் தடவியிருந்தது. கரையானுக்காக இருக்கும் என்று நினைத்தேன். நாள் முழுக்கக் கேள்வி கேட்கிறவள் அதை மட்டும் கேட்கவில்லை.

கால்களுக்கான கட்டைகளின் முனைகள் வெடித்திருந்தன. இரண்டு பக்கமும் மூன்று விரல் அகலத்துக்கு அறுத்துத் தள்ளினேன். இழைத்ததும் உள்ளே அடர்ந்த காப்பி நிறம் தெரிந்தது, ஓரத்தில் வெளிர் மஞ்சள். அன்று எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி முடியாது. நான்கு கால்களையும் சட்டத்தில் பொருத்தி, மேல் பலகை போடாமல் நிறுத்தி வைத்தேன்.

மறுநாள் காலையில் நிலைக்காரர் மஞ்சள் கோட்டுக்குத் தன் பக்கமே நின்று பார்த்தார். வேலை சுத்தமாக இருக்கிறது என்றார். பிறகு கேட்டார்.

"இதுல அடி எது, நுனி எதுக்கா?"

எனக்குப் புரியவில்லை. மரம் வேர்ப்பக்கம் கீழேயும் நுனி மேலேயுமாகத்தான் நின்றது, நிலைக்காலோ மேஜைக்காலோ அதுவும் அப்படித்தான் நிற்க வேண்டும், தலைகீழாக நின்றால் அங்கே புழங்குகிறவர்களுக்கு ஆகாது என்று விளக்கினார். சிவப்புப் பெயிண்ட் அடிப்பக்கத்துக்கான அடையாளம். நான் அறுத்துத் தள்ளியது அதைத்தான்.

தலைகீழாக நின்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். தெரியாது என்றார். கம்ப்யூட்டரில் கஜலட்சுமி செதுக்குகிறவர் இதை நம்புகிறாரா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"நம்பறேனோ இல்லியோ, எங்கிட்ட வர்றவங்க நம்பறாங்க. தலகீழா ஒரு கால் இந்த ஷெட்டுலருந்து போச்சுன்னு தெரிஞ்சா, என் நிலைய எவன் வாசல்ல வெப்பான்? கண்டுபுடிங்கக்கா. இல்லன்னா இந்த மேஜை வெளிய போவக் கூடாது."

அப்படி வெளியே போகாவிட்டால் நானும் அங்கே இருக்க முடியாது என்பதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விவசாயி மகளின் புதுமனை புகுவிழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது.

பயம் ஒரு பக்கம் இருந்தாலும், உண்மையைச் சொன்னால், எனக்கு ஆர்வம்தான் ஜாஸ்தியாக இருந்தது. இழைத்த கட்டையில் அடியும் நுனியும் எப்படித் தெரியும்? அடிப்பக்கம் கனமாக இருக்கும் என்று மில்காரர் போனில் சொன்னார். ஒவ்வொரு காலாகக் கழற்றி நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். நான்கும் தராசுத் தண்டு போல எந்தப் பக்கமும் சாயாமல் நின்றன. தண்ணீர் வேரிலிருந்து மேலே ஏறித்தானே பழக்கம் என்று யோசித்து, மிச்சக் குச்சி ஒன்றை இரண்டாக நறுக்கி, ஒன்றை நேராகவும் ஒன்றைத் தலைகீழாகவும் சொட்டு நீலம் கலந்த வாளியில் நிறுத்தினேன். மாலையில் இரண்டிலும் நீலம் ஒரே உயரத்துக்கு ஏறியிருந்தது. நிலைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார் என்றுதான் நினைக்கிறேன்.

அப்போதுதான் அறுத்துத் தள்ளிய அந்தத் துண்டுகள் ஞாபகத்துக்கு வந்தன. அறுத்த முகத்தில் காப்பி நிறமும் மஞ்சளும் கலந்த கோலம் ஒவ்வொரு கட்டைக்கும், ஒவ்வொரு முனைக்கும், ஒவ்வொரு மாதிரி. சிவப்பு முனைத் துண்டை எடுத்துக் காலின் இரு முனையோடும் வைத்துப் பார்த்தால், எந்த முனையோடு சேருகிறதோ அதுதான் அடி. ஆனால் துண்டுகளை மூட்டையாகக் கட்டி, கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை என்ற ஊரில் டீக்கடை வைத்திருக்கும் அம்மாவிடம் அடுப்புக்குக் கொடுத்திருந்தேன்.

அன்று பௌர்ணமி. வண்டியை விடமாட்டார்கள் என்று தெரிந்தும் கிளம்பி, பாதியிலேயே நிறுத்திவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். எல்லோரும் சிவனே என்று சுற்றிக்கொண்டிருக்க, நான் விறகுக்காகக் கிரிவலம் போனேன். டீக்கடை அம்மா பாலை ஆற்றிக்கொண்டே மூட்டையைக் காட்டினார். அடியில் கொஞ்சம்தான் மிச்சம். கவிழ்த்துத் தேடினேன். கால் கட்டை அகலத்தில், சிவப்பு முனையோடு மூன்று துண்டுகள் கிடைத்தன. நான்காவதை அடுப்பில் குனிந்து தேடினேன். என்ன விழுந்துவிட்டது, தங்கமா என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

ஷெட்டில் இருவரும் தரையில் உட்கார்ந்து பொருத்திப் பார்த்தோம். மஞ்சள் கோட்டைத் தாண்டி அவர் என் பக்கம் வந்தது அன்றுதான். இரண்டு கால்கள் சரியாக நின்றிருந்தன. ஒன்று தலைகீழ். சட்டத்துக்கான துளைகளை ஒரு முனையில் வெட்டியாகிவிட்டதால் அதைத் திருப்பிப் போடவும் முடியாது. அதைக் கழற்றிப்போட்டுவிட்டு, சிவப்பு அழியாமல் மீந்திருந்த ஒரே கட்டையில் வேறு கால் செய்தேன். நான்காவது மட்டும் தெரியவில்லை. அதற்கு மாற்றாக அந்த மரத்தில் வேறு கட்டையும் இல்லை. வேறு பூவரசு வாங்கிப் போட்டுவிடலாம், பாலிஷ் போட்டால் யாருக்குத் தெரியும் என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. அவரிடம் சொல்லவும் சொன்னேன். அவர் எழுந்து தன் பக்கம் போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

விவசாயி மேஜையைப் பார்க்க வந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெயிண்டை அறுத்தது, நூல், நீலம், அடுப்பு வரைக்கும். நிலைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு நின்றார். பெரியவர் மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"எந்தக் காலும்மா தெரியல?"

காட்டினேன். அதன்மேல் கையை வைத்தார்.

"சரி. இந்த மூலைல நான் குந்திக்கறேன். பசங்கள அந்தாண்ட உக்கார வெச்சிக்கலாம்."

என்னைச் சமாதானப்படுத்த விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். நிம்மதியில் சிரித்துக்கூட விட்டேன். அவர் போன பிறகு, நிலைக்காரர் சிவப்புப் பெயிண்ட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மஞ்சள் கோட்டுக்கு என் பக்கம் வைத்தார். மூன்று மாதத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தேன். மேஜையில் இலை போட்டிருந்தார்கள். பெரியவர் அந்த மூலையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததால் அதை இழுத்தேன். சட்டென்று அவர் கை நீண்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டது.

"இங்க வேணாம்மா. நீ அந்தாண்ட போய் உக்காரு."

முகத்தில் விளையாட்டே இல்லை. நான் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன். அவருடைய பேத்தி ஓடிவந்து அவர் மடியில் ஏறப் பார்த்தாள். அவளையும் தூக்கி என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, அவர் தன் இலைக்குத் திரும்பிப்போய்த் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார்.