அம்மா கையெழுத்துப் போடாத கடிதம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அரசாங்கம் ஒரு கைப்பேசி விளையாட்டைத் தடை செய்தது. பெயரைச் சொன்னால் இன்றும் சிலர் பெருமூச்சு விடுவார்கள், சிலர் சனியன் ஒழிந்தது என்பார்கள். எதற்கு வம்பு, பெயர் வேண்டாம். வானத்திலிருந்து குதித்து, ஒரு தீவில் இறங்கி, கிடைத்த துப்பாக்கியைப் பொறுக்கிக்கொண்டு ஓட வேண்டும். கடைசிவரை உயிரோடு இருப்பவர் ஜெயித்தவர். பிள்ளைகளின் படிப்பு போகிறது, கண் போகிறது, புத்தி போகிறது என்று காரணம் சொல்லி, மாதக் கடைசி வியாழக்கிழமையோடு அதை நிறுத்தப்போவதாகச் செய்தியில் வாசித்தார்கள்.

எங்கள் குருண் பட்டணம் இரண்டாகப் பிரிந்தது. பெரிய சாலை ஓரத்துச் சாப்பாட்டுக் கடையில் ஒரு கோப்பை தே தாரேக் தேநீரை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள், அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறோம் என்று சபதம் போட்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ஓட்டுப் போடும் வயது வரவில்லை. கடை முதலாளி, இனியாவது மேசை காலியாகுமே என்று சந்தோஷப்பட்டார். கோயிலில் அர்ச்சனை முடிந்ததும் ஒலிபெருக்கியில் அரசாங்கத்தைப் பாராட்டினார்கள். தொழிற்சாலையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பாவுக்கு எந்த அரசாங்கத்தையும் பிடிக்காது. அவரே, முதல் தடவையாக உருப்படியான ஒரு காரியம் செய்திருக்கிறார்கள் என்றார்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, எந்த வியாழக்கிழமை என்று மட்டும் கேட்டார்.

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பள்ளி வேன் ஓட்டினார். விடியற்காலையில் செம்பனைத் தோட்டத்துக்குள் போய்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வந்து தமிழ்ப்பள்ளியில் இறக்குவார். மதியம் அதே பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுபோய் விடுவார். வேனில் ஒரு பிள்ளை வாலாட்ட முடியாது. கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தால் போதும், பின் இருக்கைவரை அமைதியாகிவிடும். வீட்டிலும் அதே கண்ணாடிப் பார்வைதான். தொலைக்காட்சிக்கு நேரம் உண்டு, தின்பண்டத்துக்கு அளவு உண்டு. அப்பேர்ப்பட்டவர் தினமும் மூன்றரை மணிக்குத் தன் கைப்பேசியை என்னிடம் கொடுத்து, போய் விளையாடு என்று உட்கார வைப்பார். நான் எவ்வளவு பாக்கியசாலி என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என்னோடு ஜோடி சேர்ந்து ஆடியவர் என் சித்தி, அம்மாவின் ஒரே தங்கை. யான் என்ற ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கடைக்கு மேலேயே வீடு. எங்கள் வீட்டிலிருந்து ஜெராய் மலையைச் சுற்றிக்கொண்டு போனால் அரைமணி நேரம்கூட ஆகாது. ஆனால் எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் சித்தப்பாவுக்கு இரண்டாவது பந்தியில் இலை போட்டுவிட்டார்கள். அன்றோடு அக்கா வீட்டுப் பேச்சே இருக்கக்கூடாது என்று சித்தியிடம் சொல்லிவிட்டார். இலை ஒரு சாக்குதான். அவர் கை நீட்டுகிற மனிதர். கை நீட்டுகிறவர்களுக்கு, மனைவிக்கு அக்கா ஒருத்தி பக்கத்தில் இருப்பது தொந்தரவு.

சித்தியின் கைப்பேசியில் யார் அழைத்தார்கள், யார் செய்தி அனுப்பினார்கள் என்று சித்தப்பா ஒவ்வொரு நாளும் பார்ப்பாராம். புதிதாக எதை இறக்க வேண்டுமென்றாலும் அவருடைய கடவுச்சொல் வேண்டும். அந்த விளையாட்டு மட்டும் தப்பியது. அவரே ஆடிச் சலித்துப்போய், அந்தப் பழைய கைப்பேசியைச் சித்தியிடம் தள்ளிவிட்டபோது அழிக்காமல் விட்டிருந்தார். பிள்ளை குட்டி இல்லாதவள், இதையாவது விளையாடட்டும் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாராம். கூட ஆடுகிறவரோடு பேசவும் முடியும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் யாரோ ஒரு சின்னப் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருப்பார் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஒரே காதொலிப்பான்தான். ஒரு குமிழ் என் காதில், இன்னொன்று அம்மா காதில். நான் ஓடுவேன், சுடுவேன், ஒளிவேன். அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டே இருப்பார்கள். மாங்காய் ஊறுகாயில் உப்பு கூடிவிட்டது, முழங்கால் வலிக்கிறது, செத்துப்போன தாத்தாவின் திதி எப்போது. எனக்கு எரிச்சலாக வரும். எதிரி வரும் காலடிச் சத்தம் கேட்க வேண்டிய இடத்தில் ஊறுகாய்ப் பேச்சு. சில சமயம் சித்தி திடீரென்று "ஓடு, ஓடு, பின்னால ஆளு" என்று கத்துவார். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். சித்தப்பா பக்கத்தில் வந்துவிட்டார் என்று அதற்குப் பொருள். அம்மா உடனே வாயை மூடிக்கொள்வார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், ஆட்டத்தைக் கெடுக்கிறார்களே என்றுதான் கோபப்பட்டேன்.

அறிவிப்பு வந்த அடுத்த சனிக்கிழமை பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். வழக்கமாக வருகிறவர்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம். அன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்து மண்டபத்தை நிறைத்துவிட்டார்கள். தடைக்கு நன்றி தெரிவித்து அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் அனுப்புவதாகத் தீர்மானம். சங்கத் தலைவர் கடிதத்தை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். இரவெல்லாம் அதே விளையாட்டை ஆடிவிட்டு வந்த தகப்பன்மார்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். பிறகு கையெழுத்துத் தாள் வரிசை வரிசையாக வந்தது. அம்மாவிடம் வந்ததும் அவர் பேனாவைத் தொடாமல் பக்கத்துப் பெண்மணியிடம் நகர்த்தினார்.

தலைவர் மேடையிலிருந்து பார்த்துவிட்டார். வேன்காரம்மா கையெழுத்துப் போடவில்லையா என்று ஒலிவாங்கியிலேயே கேட்டார். மண்டபமே திரும்பியது. அம்மா எழுந்து நின்றார்.

"போட மாட்டேங்க."

ஏன் என்று கேட்டார் தலைவர். உண்மையான காரணத்தை அம்மாவால் அங்கே சொல்ல முடியாது. யானில் சொந்தம் உள்ளவர்கள் அந்த மண்டபத்திலேயே மூன்று பேர் இருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் சித்தப்பா காதுக்குப் போய்விடும். அம்மா வேறொன்றைப் பேசினார்.

"தோட்டத்து ரோட்டுல குழி இருக்குன்னு நாலு லெட்டர் போட்டோம். நீங்களும்தான் கையெழுத்துப் போட்டீங்க. ஒருத்தரும் வந்து பாக்கல. மழ பேஞ்சா வேன் சக்கரம் எறங்கிருது, இந்தப் புள்ளைங்கதான் எறங்கித் தள்ளுதுங்க. அது தெரியாதவங்களுக்கு, புள்ள கையில இருக்குற போன் மட்டும் எப்படிலா தெரிஞ்சுச்சு?"

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. பிள்ளைகள் நாசமாகப் போவதைப் பற்றிப் பேசும்போது குழியைப் பற்றிப் பேசக்கூடாது என்றார்.

"எம் புள்ளைய எனக்குப் பாத்துக்கத் தெரியும்" என்றார் அம்மா. "எந்தக் கதவ தொறக்கணும், எத மூடணும்னு என் வீட்டுல நாந்தான் சொல்லணும்."

உட்கார்ந்துவிட்டார். புடவைத் தலைப்பை அவர் விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்ததை நான் மட்டும் பார்த்தேன். கோபத்தில் செய்கிறார் என்று நினைத்தேன். எனக்காக, என் விளையாட்டுக்காக, அம்மா அரசாங்கத்தையே எதிர்த்து நிற்கிறார் என்று நெஞ்சு விம்மியது.

எங்கள் மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பள்ளி திறந்தபோது வேனில் ஐந்து இடம் காலி. தலைவரின் பேரப்பிள்ளைகள்தான் முதலில் வேனை விட்டு நின்றார்கள். விளையாட்டுப் பைத்தியம் பிடித்த பொம்பளை ஓட்டும் வேனில் எப்படிப் பிள்ளையை ஏற்றுவது என்று பேசிக்கொண்டார்கள். அப்பா, ஊரெல்லாம் ஒரு பக்கம் நிற்கும்போது உனக்கு மட்டும் ஏன் இந்த வீம்பு என்று சத்தம் போட்டார். அம்மா அவரைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு எதையோ சொன்னார். மூன்றரை மணி விஷயம் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அதன்பிறகு அவர் அந்த அரசாங்கத்தைப் புகழவே இல்லை. அம்மாவும் யார் வீட்டுக்கும் போய்ச் சமாதானம் சொல்லவில்லை. காலி இருக்கைகளோடு அதே நேரத்துக்கு வண்டியை எடுத்தார்.

அந்தக் கடிதம் போனது, பதில்கூட வந்தது என்றார்கள். கைதட்டியவர்களை இன்றும் கடைத்தெருவில் பார்க்கிறேன். நல்லவர்கள்தான். ஒரு கதவை மூடும்போது அதற்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடைசி வியாழக்கிழமை அம்மா தோட்டத்திலிருந்து வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். நானும் சித்தியும் தீவில் இறங்கினோம். அன்று எல்லாம் கூடிவந்தது. நல்ல துப்பாக்கி, நல்ல கவசம். தீவில் மிச்சம் இருந்தது நாங்கள் இருவரும் இன்னும் மூன்று பேரும்தான். நாங்கள் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. ஆற்றுப் பாலத்தைக் கடந்துவிட்டால் மேட்டுக்குப் போய்விடலாம். சித்தி முன்னால் ஓட, நான் பின்னால் ஓடினேன். அப்போது பார்த்து அம்மா பேச ஆரம்பித்தார்.

"இந்தா பாருடி. நாளைலேருந்து இந்த வழி இல்ல. நீ இருக்கியா செத்தியான்னுகூட எனக்குத் தெரியப்போறதில்ல. நல்லாருக்கேன்க்கான்னு சொல்லாத. ஏழு வருசமா அதத்தான் சொல்ற. இன்னிக்கு மட்டும் உண்மையச் சொல்லு. நான் வரவா?"

என் திரையில் சித்தியின் ஆள் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டார். மறைவு இல்லை, ஒன்றுமில்லை. ஓடுங்க சித்தி, ஓடுங்க என்று நான் கத்தினேன். அசையவில்லை. எங்கிருந்தோ சுட்டார்கள். ஒரு குண்டு, இரண்டு குண்டு. சித்தியின் ஆள் முழந்தாளிட்டுச் சாய்ந்தார். காதில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"வாக்கா" என்றார் சித்தி.

அம்மா என் கையிலிருந்து கைப்பேசியைப் பறித்துக்கொண்டு வேன் சாவியை எடுத்தார். அந்த இடைவெளியில் என்னையும் சுட்டுவிட்டார்கள். வீட்டில் தனியாக விட முடியாது என்பதால் என்னையும் இழுத்து வண்டியில் போட்டார். அழுதுகொண்டே போனேன். வழியெல்லாம் வயலும் வரப்புமாக ஓடியது. நான் எதையும் பார்க்கவில்லை.

யான் கடைத்தெருவில், சித்தப்பாவின் கடைக்கு நேர் முன்னால் அம்மா வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை. இயந்திரத்தையும் அணைக்கவில்லை. தோட்டத்தில் தூங்குமூஞ்சிப் பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோல ஒலியெழுப்பியை விடாமல் அழுத்தினார். பக்கத்தில் பலகாரம் விற்றுக்கொண்டிருந்த மலாய்க்கார மாமி எழுந்து நின்று பார்த்தார். எதிர்க் கடைக்காரர் வெளியே வந்தார். சித்தப்பா கல்லாவை விட்டு வாசலுக்கு வந்தார். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து சித்தி, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு, நடைபாதையில் இறங்கினார்.

தெருவே பார்க்கிறது. சித்தப்பா தூக்கிய கை பாதியில் நின்றது. இப்போது போனால் திரும்பி வராதே என்றார்.

"சரி" என்றார் சித்தி.

முன் இருக்கை எப்போதும் என்னுடையது. அம்மா என்னைப் பின்னால் தள்ளிவிட்டுச் சித்தியை அங்கே உட்கார வைத்தார். அதுவேறு ஆத்திரம். பாதி வழியில் குவார் செம்பெடாக் என்ற ஊர் வரும்வரை சித்தி பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"உங்களாலதான் தோத்தோம் சித்தி. பாலத்துக்கு நடுவுல போயா நிப்பாங்க?"

சித்தி திடுக்கிட்டுத் திரும்பினார். "மன்னிச்சிரும்மா, மன்னிச்சிரு. எம்மேலதான் தப்பு. இனிமே அப்படிச் செய்ய மாட்டேன்" என்று படபடவென்று சொன்னார். சொல்லும்போதே கையை முகத்துக்கு முன்னால் கொண்டுபோனார்.

அம்மா வண்டியைச் சாலையோரமாக ஒடித்து நிறுத்தினார். திட்டு எனக்குத்தான் என்று சீட்டுக்குள் சுருங்கினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. சித்தியின் கையைப் பிடித்து மெதுவாக இறக்கி வைத்தார்.

"இனிமே அந்த வார்த்தைய நீ யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்றார். "இந்தப் புள்ளகிட்டகூட."

இருவரும் அழ ஆரம்பித்தார்கள். ஒரு விளையாட்டில் தோற்றதற்குப் பெரியவர்கள் இவ்வளவு அழுவார்களா என்று எனக்கு வியப்பாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. போனால் போகிறது என்று, நான் சித்தியை மன்னித்துவிட்டேன்.