முதுகில் விழுந்த ராக் அண்ட் ரோல்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஊர் ஊராகச் சுற்றியதில், கோவாவில் ஒரு கடற்கரை ஹோட்டலில் பாத்திரம் கழுவினேன். அங்கே பகல் முழுக்கப் பழைய ராக் அண்ட் ரோல் ஓடும். வரிகள் எனக்குப் புரியாது. ஆனால் டிரம்ஸ்காரர் முதல் தட்டை லேசாக விட்டு இரண்டாவதை ஓங்கிப் போடுவார். கழுவுகிற கை தானாக அதோடு போகும்.

போன சீசனில் குற்றாலத்தில் எண்ணெய் மசாஜ் வேலை கேட்டேன். அங்கே தொழில் செய்யும் அண்ணாச்சி, கீழப்பாவூரிலிருந்து குளிக்க வந்திருந்த விவசாயி ஒருவரைக் காட்டினார்.

"இவரு திருப்தியா எந்திரிச்சா நாளைக்கும் வா. இல்லன்னா பஸ் ஏறிரு."

இரண்டு நாளாகச் சரியான சாப்பாடு இல்லை. எண்ணெய் தேய்த்துவிட்டு முதுகில் தட்டத் தொடங்கினேன். பயத்தில் கை தனக்குத் தெரிந்த தாளத்துக்கே போய்விட்டது.

"என்னலே நொண்டி நொண்டி அடிக்க? முதுகா, மேளமா?" என்று அண்ணாச்சி கத்தினார். கையை எடுத்துவிட்டேன்.

குப்புறப் படுத்திருந்தவர் தலையைத் தூக்காமலே, "நீரு சும்மா இரும்வே. ஏலே, நீ ஏன் நிறுத்துன? அடி" என்றார்.

மறுபடி தட்டினேன். அவருடைய கால் கட்டைவிரல் ஈரப் பாறையில் தட்டியது, சரியாக இரண்டாவது தட்டில்.

அந்தப் பாட்டுக்காரர்களில் பலர் நான் பிறக்கும் முன்பே செத்துவிட்டார்கள். எங்கோ அமெரிக்காவில் அவர்கள் போட்ட தட்டு, அவர்கள் பேரையே கேட்டிராத ஒருவரின் விரலை இங்கே ஆட்டுகிறது. இதைவிடப் பெரிய வித்தையை நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அண்ணாச்சி எண்ணெய் பாட்டிலை என்னிடம் நீட்டினார். "அந்த நொண்டி அடியவே அடி."