கட்டிலுக்குக் கீழே செங்கல்

மட்டாஞ்சேரியில், காயல் என்கிற உப்பங்கழியின் ஓரத்தில், எங்களால் வாங்க முடிகிற ஒரே வீட்டை இன்று அம்மாவும் நானும் பார்த்துவிட்டு வந்தோம்.

தரை காய்ந்துதான் இருந்தது. ஆனால் கட்டில், அலமாரி, ஃபிரிட்ஜ் எல்லாம் செங்கல் மேல் நின்றன.

"காயல் பொங்கினா வெள்ளம் உள்ள கேறுமா சேச்சி?" என்று அம்மா கேட்டார்.

வீட்டுக்கார அம்மா சாயாவை நீட்டினார். "கேறும். நிக்காது மோளே, எறங்கிப் போயிடும்."

தெருவுக்கு வந்ததும், "இந்த வீடு வேண்டாம்மா" என்றேன்.

"வாடகை வீட்லயும் வெள்ளம் வருதுல்ல? இங்க வெள்ளம் மட்டும்தான் வரும். காலி பண்ணுன்னு சொல்ல ஆளு வராதுடி."

நாளை முன்பணம் கொடுக்கிறோம்.

மட்டாஞ்சேரிக்காரர்களே, கட்டிலுக்கு ஒரு செங்கல் போதுமா, இரண்டு வேண்டுமா?