பழைய இரும்போடு வந்த ஆறு

கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி செய்கிற ஆலையில் எனக்குத் தரம் பிரிக்கிற வேலை. உலைக்குப் போகிற ஒவ்வொரு துண்டையும் சுத்தியலால் தட்டிப் பார்ப்பேன். ‘ணங்’ என்று கேட்டால் உள்ளே வெற்றிடம் என்று ஒதுக்கிவிடுவேன். இல்லையென்றால் சாக்பீஸால் ஒரு டிக். வாய் மூடிய எதுவும் உலைக்குள் போனால் வெடிக்கும். உலை வாயில் நிற்பவர் என் வீட்டுக்காரர். கூட வேலை செய்கிறவர்கள் என்னை ‘டாக்டரம்மா’ என்று கேலி செய்வார்கள். பதறாத காரியம் சிதறாது என்று என் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் காலை வந்த கன்டெய்னரில் எல்லாம் தடித்த தகடுகள். ஒவ்வொன்றிலும் என் கை நுழைகிற ஓட்டைகள். கேஸ் கட்டிங் செய்கிற அண்ணன் எந்நேரமும் போனில் சண்டை வீடியோ பார்ப்பவர். அவர்தான் சொன்னார்.

“சண்டைக் கப்பல் தங்கச்சி இது. ஆத்துல மூழ்குனத தூக்கி அறுத்து அனுப்பிக்கீறானுங்க.”

“ஆத்துல ஏதுண்ணா கப்பலு? கதை உடாத.”

“நம்ம ஆரணி ஆறுன்னு நெனச்சினியா? வெளிநாட்டு ஆறு இது, இக்கரைல நின்னா அக்கர தெரியாது. இந்த மாதிரி கப்பலுங்கள நிறுத்தி, கரைல கீற ஊர மாசக்கணக்கா வளைச்சிக்கினு, ஒரு மூட்ட மாவுகூட உள்ள உடல. ஆறு எவன் கையிலயோ, சோறு அவன் கையில.”

மலைத்துப் போனேன். கோடையில் செருப்பு நனையாமல் தாண்டுகிற ஆற்றைத்தான் எனக்குத் தெரியும். அதற்குள் கப்பலும் பீரங்கியும் நின்று சண்டை போடுவதை எப்படி நினைத்துப் பார்க்க? ஒரு தகட்டின் உள்பக்கம் சட்டை மாட்டுகிற கொக்கி அப்படியே இருந்தது. எவனோ தினமும் அதில் சட்டையைக் கழற்றி மாட்டியிருக்கிறான். கை தட்டிக்கொண்டிருந்தது, மனசு அந்த ஆற்றில் இருந்தது. கடைசியாகக் கதவு அகலத்தில் ஒரு கனத்த துண்டு. கப்பலைத் திருப்புகிற சுக்கான் என்றார் அண்ணன். தட்டினேன். ‘தொப்’ என்றது. கெட்டி இரும்புதான் என்று டிக் போட்டேன்.

சாப்பிட்டுவிட்டு வந்தபோது வெயிலில் எல்லாத் துண்டுகளும் காய்ந்து கொதித்தன. சுக்கானுக்கு அடியில் மட்டும் மண் ஈரம். தொட்டு முகர்ந்தேன். சேற்று வாடை. உள்ளே தண்ணீர் நிறைந்திருந்தால் ‘ணங்’ என்று கேட்காது. உருகிய இரும்பில் ஒரு சொம்புத் தண்ணீர் மாட்டினாலே போதும், எதிரில் நிற்கிறவர் மிஞ்சமாட்டார். நானே அதற்கு டிக் போட்டிருக்கிறேன்.

சுக்கானைத் தூக்கக் கிரேன் காந்தம் இறங்கிக்கொண்டிருந்தது. கத்தினேன், சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஓடிப்போய்ச் சுக்கான்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். “இன்னாம்மா பேஜாரு இது? எழுந்திரு, உலை காத்துக்கினு கீது. நீதான டிக் போட்ட?”

“நான்தான் போட்டேன். தப்பா போட்டுட்டேன். ஓட்ட போட்டுப் பாருங்க, அப்பால எழுந்துக்கிறேன்.”

புடவையைத் தாண்டி இரும்பு சுட்டது. நான் அசையவில்லை. கடைசியில் அண்ணன்தான் டிரில் மெஷினை எடுத்துவந்து ஓரத்தில் துளை போட்டார்.

பழுப்புத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. நிற்கவே இல்லை. சூப்பர்வைசர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எத்தனையோ பேர் செத்துப் பிடிக்கப் பார்த்த ஆறு, எங்கள் எடை மேடைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

உலையிலிருந்து வீட்டுக்காரர் வந்தார். அண்ணன் நடந்ததைச் சொன்னார். இவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அத்தினி பேர முழுங்கியும் பத்தலயா அதுக்கு?” என்றார்.

“நான்தான்யா டிக் போட்டேன்” என்றேன்.

அவர் குனிந்து அந்த ஆற்றுத் தண்ணீரில் உள்ளங்கையை நனைத்து, சுக்கான்மேல் நான் போட்டிருந்த டிக்கைத் துடைத்தார். பிறகு உலைக்குப் போனார்.