பட்டத்தை எடுத்துக்கொண்டு பிள்ளையைத் தந்தான்

சகோதரிகளே, அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டு என் தவறிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் மகள் சுமையா தொட்டிலில் கிடந்தபோதே, குர்ஆன் முழுவதையும் மனனம் செய்த ஹாஃபிழாவாக அவளை ஆக்குவேன் என்று மனதுக்குள் நிய்யத் வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பிள்ளை பிறந்ததற்குக் கொடுத்த அகீகா விருந்துக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லி, 'ஹாஃபிழாம்மா' என்றே அவளைக் கூப்பிடவும் வைத்துவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான்.

ஒன்பது வயதில், வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர் மதரஸாவில் மனன வகுப்பில் சேர்த்தேன். காலையில் ஓதியது மாலையில் அவளுக்கு நிற்காது. மற்ற பிள்ளைகள் பக்கம் பக்கமாகப் போக, இவள் அதே ஐந்து வரியில் நின்றாள். தெருவில் யாராவது 'ஹாஃபிழாம்மா' என்றால் தலையைக் குனிந்துகொள்வாள். சாப்பாடு குறைந்தது. பேச்சும் குறைந்தது. நானோ ஐந்து வேளையும் இவளுக்கு ஞாபகசக்தியைக் கொடு என்று அழுவேன். தொழுகை முடிந்ததும் அவளைத் திட்டுவேன்.

இன்றும் வாய்க்காலில் புதுத்தண்ணீர் வாசனை வந்தால் அந்த மாலைதான் நினைவுக்கு வரும். ஆடி மாதம். வாய்க்கால்கள் கரை முட்ட ஓடிக்கொண்டிருந்தன. அஸர் தொழுகை முடிந்தும் அவள் வீடு திரும்பவில்லை. மதரஸாவுக்கு ஓடினேன். பாடம் ஒப்பிக்க முடியாமல் அழுதவளை அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக, ஓதிக்கொடுக்கும் ஆலிமா சொன்னார். அவளுடைய செருப்பு எங்கேயாவது கிடக்கிறதா என்று கரையோரம் தேடிக்கொண்டே நடந்தேன். அன்றுதான் நான் அல்லாஹ்விடம் கேட்கும் துஆ மாறியது.

"ரப்பே, ஹாஃபிழா வேண்டாம். என் பிள்ளை போதும். நீ எப்படிப் படைச்சியோ அப்படியே போதும்."

நெல் கொள்முதல் நிலையத்துக் கொட்டகையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அறுவடை இல்லாத காலம், கொட்டகை காலி. சிந்திக் கிடந்த பதரைக் கூட்டி, தரையில் அரபு எழுத்துகளை வைத்துக்கொண்டிருந்தாள் சுமையா. சுற்றிலும், ஓதமாட்டேன் என்று மதரஸாவில் தினமும் அழுகிற நான்கு வாண்டுகள்.

"இது பா. வளைஞ்ச வாய்க்கால், அடியில ஒரு நண்டு. இது தா. அதே வாய்க்கால், மேல ரெண்டு கொக்கு. எங்க, நீங்க வைங்க பாப்போம்."

வைத்தார்கள். ஒருவரும் அழவில்லை. நான்தான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "திட்டாதீங்கம்மா, இன்னைக்கும் மறந்துட்டேன்" என்றாள். கட்டிக்கொண்டேன்.

மறுநாள் ஆலிமாவிடம் பேசி, மனன வகுப்பிலிருந்து அவளை எடுத்தேன். குர்ஆனைத் தன் போக்கில் பொருளோடு ஓதிக்கொண்டு, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர அவளுக்கு இடம் கிடைத்தது. உறவுக்காரர்களின் வீடு வீடாகப் போய், அந்தப் பட்டத்தைச் சொல்லி இனிக் கூப்பிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் மறுபடியும் அவள் பேச்சுக்குரல் கேட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது அவள் அதே மதரஸாவில் ஆசிரியை. அவளிடம் அலிஃப் படித்த பிள்ளைகளில் இரண்டு பேர் இன்று ஹாஃபிழாக்கள். நான் கேட்டதை அல்லாஹ் மறுக்கவில்லை, என் வீட்டு வாசலோடு நிறுத்தவும் இல்லை.

பிள்ளைகளுக்காக நிறையக் கேளுங்கள், சகோதரிகளே. ஆனால் இன்னதாக ஆக்கு என்று படைத்தவனுக்கே சொல்லிக்கொடுக்காதீர்கள். இவளுக்குள் என்ன வைத்து அனுப்பினாய் என்று கேளுங்கள். காட்டுவான்.